கஜுத் தராசில் ஏறிய அஜந்தா

மட்டக்களப்பு டவுனில் சகல சௌபாக்கியத்துடனும் வாழும் அன்புள்ள அக்கா கேதீஸ்வரிக்கு,

கஜுத் தோட்டத்து லயத்திலிருந்து தம்பி அழகரத்தினம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், மனைவி புஸ்பம், மகள் அஜந்தா மூவரும் சுகம். பிள்ளை சுகமில்லை என்று யாரோ உங்கள் காதில் போட்டு, நீங்களும் "பிள்ளையை என்னட்ட விடு, முட்டையும் பாலும் குடுத்து நான் வளக்கிறன்" என்று எழுதியிருந்தீர்கள். பெரிய மனசு. ஆனால் நாலு வயதுப் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கும் அளவுக்கு இங்கே ஒன்றும் நடந்துவிடவில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் எங்கள் தோட்டத்தில் போசாக்கு வாரம் கொண்டாடினார்கள். கம்பனிக்காரர்கள் வந்து பெரிய படம் ஒன்றைக் கேற்றில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு பிடி கஜு கொடுக்க வேண்டுமாம். அருமையான யோசனை. அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுதான் காவலாளி, வேலை முடிந்து வரும் பெண்களின் மடியை உதறிப் பார்க்கிறான். ஒரு முந்திரிக் கொட்டை விழுந்தாலும் மறுநாள் வேலை இல்லை.

அந்த வாரம்தான் பிள்ளைகளை நிறுக்க மிட்வைஃப் றமீஸா மிஸ் வந்தார். வாவி கடக்கும்போது படகு ஆடி, அவருடைய தராசு தண்ணீருக்குள் போய்விட்டது. "பரவால்ல, தோட்டத்துத் தராசைத் தாங்க" என்று கேட்டு, கஜு நிறுக்கிற தராசில் லயத்துப் பிள்ளைகள் இருபத்தாறு பேரையும் ஒவ்வொன்றாக ஏற்றி, முள்ளைத் தானே குனிந்து பார்த்துப் பார்த்து எழுதினார், எழுதி முடிக்க பத்தொன்பது பிள்ளைகளின் அட்டையில் நிறை குறைவென்று சிவப்பு. அஜந்தா பத்துக் கிலோ. மிஸ்ஸின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்திட்டு அக்கா. அப்பா தேயிலை மலையை விட்டு நம்மள இஞ்ச கொண்டுவந்த நாளில இருந்து நம்மட சாக்கில மூணு கிலோ தின்னுற தராசெல்லோ அது! சுமந்தா கழுத்து முறியிற சாக்கு, கிளாக்கர் ஐயா நிறையை வாசிக்கிற நேரம் பஞ்சு மூட்டையாப் போயிரும். பத்தும் மூணும் பதிமூணு. பதிமூணு கிலோப் பிள்ளைக்கு என்ன குறை?

"பயப்பிடாதீங்க மிஸ், தராசுதான் கள்ளன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிப்போட்டேன். முகாமையாளர் நிதுர்ஷன் சேர் துள்ளி எழும்பினார். "எங்கட தராசு சரியான தராசு!"

"அப்ப பிள்ளையள் பட்டினியா சேர்?" என்று புஸ்பம் கேட்டாள்.

பாவம் மனுசன். தராசு பிழையென்றால் சாக்குக்குப் பதில் சொல்ல வேணும், சரியென்றால் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேணும். வேர்த்து விறுவிறுத்து நின்று, கடைசியில் பிள்ளைகளைப் பட்டினியாக்கித் தராசைக் காப்பாற்றினார். மறுநாளே பிள்ளைக்கு ஒரு முட்டை. ஒரு முட்டைக்கு மூன்று போட்டோ. அஜந்தா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இதை எப்ப திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புஸ்பம் சிரிக்கவில்லை. மூன்றாம் நாளோடு கமெரா வரவில்லை, முட்டையும் வரவில்லை.

ஆகவே அக்கா, கள்ளத் தராசை நம்பி இனிமேல் என்ட பிள்ளையைக் கேட்டு எழுதாதீங்க. விடிய தேத்தண்ணியும் பாணும், பொழுதுபட்டாச் சோறும் சம்பலும் திண்டு வளந்தவன்தானே நானும். பிள்ளை மெல்லிசு வாகு, அவ்வளவுதான். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் மாமாங்கேஸ்வரர் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இங்ஙனம்,
பதின்மூன்று கிலோப் பிள்ளையின் தகப்பன்
அழகரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் றமீஸா மிஸ் புதுத் தராசோடு வந்தார். இரண்டு தராசையும் பக்கத்தில் வைத்து நிறுத்தோம். தோட்டத்துத் தராசில் ஒரு கிராம்கூடப் பிழையில்லை. களவு தராசில் இல்லை, கிளாக்கர் வாசிக்கிற வாயில். அஜந்தா பத்துக் கிலோதான். மேலே எழுதினதை மனசில வச்சிராதீங்க அக்கா. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். புஸ்பம் அழுதழுது சட்டைகளை மடிக்கிறாள். விரலைப் பிடிக்காட்டி பிள்ளை நித்திரை கொள்ளமாட்டா. உங்கட விரலைக் குடுங்க.