பானுவுக்கு முன்னால் எனக்கு ஊசி

ஆரணி,
11.10.2009

மதிப்பிற்குரிய மச்சான் ராஜவேலு அவர்களுக்கு, சம்பந்தம் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இடது கை நலமில்லை.

போனில் நீங்களே பேசி முடித்துவிடுவதால் கடிதம். போன மாதம் வந்தவர், "எம்.எஸ். இருக்கிற பொண்ணுக்கு ஃப்ளூ ஊசி போட்டா கால் விழுந்துடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தவாசி பஸ் ஏறிவிட்டீர்கள். வாயை வெச்சுகினு சும்மா இருக்கக் கூடாதா? என் மகள் பானுப்ரியா போன வருஷம் ஃப்ளூ காய்ச்சல்ல விழுந்து, அந்த எம்.எஸ். நரம்பு நோய் திரும்பக் கிளம்பி, ரெண்டு மாசம் சுவரைப் பிடிச்சுகினு நடந்தது உங்களுக்கே தெரியும். வேலூர் நரம்பு டாக்டரோ, "காய்ச்சல்தான் ஆபத்து. ஊசியில இருக்கிறது செத்த கிருமி, தைரியமா போடலாம். மூக்குல அடிக்கிற உயிருள்ள மருந்துதான் வேணாம்"ன்றார். அவர் படிச்சவர், நீங்க மச்சான். நான் யாரை நம்பறது?

நாம சாயம் போடறப்போ ஒரு பிடி பட்டு நூலை நனைச்சுப் பாத்துட்டுத்தானே மொத்தத்தையும் தொட்டியில விடறோம்? அதான், திங்கட்கிழமை நானே போய் அந்த ஊசியைப் போட்டுகினேன். ஒரு வாரம் எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் பொண்ணுக்கு. உங்க தங்கச்சி அபிதகுசாம்பாள் கேட்டா: "உங்களுக்கு அந்த நோயே இல்லியே! பருத்தியை நனைச்சுப் பாத்துட்டு பட்டுக்குச் சாயம் போடற ஆளு ஆரணியிலயே நீங்க ஒருத்தர்தான்." நான் காதுல வாங்கல. செவ்வாய்க்கிழமை கை கனத்துது. புதன்கிழமை தறிக்குழியில உக்காந்தவன் எழுந்தா ரெண்டு காலும் மரத்துப்போச்சு. ஐயோ போச்சேன்னு நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு ஜெபராணி டீச்சர் ஆட்டோவோட வந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில, "எவ்ளோ நேரம் உக்காந்திருந்தீங்க?"ன்னாங்க. அஞ்சு மணி நேரம். டீச்சர் சிரிச்ச சிரிப்பு வீடு வந்தும் நிக்கல. ஒரே பேஜார்.

நாளைக்குப் பானுவைக் கூட்டிகினு போவணும். மனசு அடிச்சுக்குது. போடாம விட்டு காய்ச்சல் வந்தா? போட்டு கால் போனா? இருபத்துமூணு வயசுப் பொண்ணு, மச்சான். இந்தக் கடிதம் உங்க கைக்கு வர்றதுக்குள்ள ஊசி போட்டாயிருக்கும், ஆனாலும் ஜல்தியா பதில் போடுங்க.

உங்க சர்க்கரை, அக்காவோட மூட்டுவலி, பசங்களோட பரீட்சை எல்லாத்துக்கும் சேர்த்து ரேணுகாம்பாளை வேண்டிக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தம்

பி.கு.: விலாசம் எழுதச் சொல்லி பானுகிட்ட குடுத்தேன். முழுசும் படிச்சுட்டா. "நான் வேலூர்லயே போட்டுகினேம்பா, இருபது நாளாச்சு. நீ டீ குடிக்கப் போயிருந்த. சொன்னா என் காலையே பாத்துகினு உக்காந்திருப்ப"ன்றா. அவ அம்மாவுக்கும் தெரியுமாம். புதன்கிழமையிலருந்து நான் என் காலைப் பாத்துகினு மாடியில படுத்திருக்க, ஒத்தடத்துக்கு வெந்நீர் தூக்கிகினு படி ஏறி இறங்கினது பானுதான். அழுகையே வந்துடுச்சு. மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடுங்க. உங்களைத் திட்டினது மட்டும் இருக்கட்டும்.