அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள்

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கி, உடனே அடித்துவிட்டேன். நாளைக் காலை வயிற்றுக் கட்டியை எடுக்கப்போகிறவளிடம் நலமா என்று கேட்பது, பரீட்சை எழுத உள்ளே போகிற மாணவனை நிறுத்தி "பாஸா?" என்று கேட்பதைப் போன்றது. ஆகவே என் நலத்தை மட்டும் சொல்கிறேன்: நலமில்லை. உன்னிடம் வந்து சேரவேண்டிய விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்தது நாளை மதியம்தான். உன்னை உள்ளே கொண்டுபோகும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

"மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு முகம் ஒண்ணப் பாத்துட்டாப் போதும்டா" என்று போனில் சொன்னாய். இத்தனை வயதில் நீ என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதையும் கோட்டைவிட்டேன்.

போனில் சார்ஜ் இல்லை. இந்தச் சுவரில் உள்ள எந்த ஓட்டையிலும் என் சார்ஜர் நுழைய மறுக்கிறது. ஆகவே காகிதம். எழுதி முடித்துக் கொடுத்தால், படம் எடுத்து உன் மகள் போனுக்கு அனுப்புவதாகக் கவுண்ட்டரில் இருக்கும் பெண் சொல்லியிருக்கிறாள். உள்ளே போகுமுன் மகள் உனக்குப் படித்துக் காட்டட்டும். முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

டிக்கெட் எடுத்தவன் என் மகன். ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற ஐம்பத்தைந்து நிமிடம். "போதுமாடா?" என்றேன். "தாராளம்பா, காபியே குடிச்சிட்டுப் போலாம்" என்றான். பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பை முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு, கீழே எட்டாம் வகுப்புக்குப் போய்ச் சேரவே எனக்குப் பத்து நிமிடம் ஆகும்; அதற்குள் அங்கே ஒருவன் மண்டை உடைந்திருக்கும். இது நாடு விட்டு நாடு. நான் யோசித்திருக்கவேண்டும்.

முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்து, தரையை ஒருமுறை பார்த்துவிட்டு, இறங்க இடமில்லையென்று வானத்திலேயே சுற்ற ஆரம்பித்தது, ஜன்னலில் அதே ஏரி, அதே பாலம், மறுபடி அதே ஏரி, கடைசியில் இறங்கினால் ஏணி வரவில்லை, ஏணி வந்தால் பஸ் வரவில்லை, பஸ் வந்தால் தூங்கிப்போன ஒரு பயணிக்காக நின்றது, உள்ளே போனால் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை, பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, உன் முழங்காலுக்காக வாங்கிவந்த தைலத்தை ஒருத்தன் மோந்துபார்த்து முகம் சுளித்துக் குப்பையில் போட்டான், அப்புறம் ஒரு கையில் பை, ஒரு கையில் நழுவுற கால்சட்டை, இப்படியே ஓடினேன் அக்கா, ஒரு இடத்துல தரையே நகருது, அப்பாடான்னு அதுல நின்னா, ஒரு கைக்குழந்தை தவழ்ந்து என்னைத் தாண்டிப்போகுது.

ஆனாலும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். பயணச் சீட்டில் அச்சிட்டிருந்த வாசலுக்கு எதிரே, காலி நாற்காலியில், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. இன்னும் கூப்பிடவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். வாசலை மாற்றிவிட்டதாக எனக்குப் பின்னாலிருந்த போர்டில் போட்டிருந்தார்களாம். வேலை பார்த்த காலமெல்லாம் போர்டுக்கு முதுகைக் காட்டியே நின்றவன் நான். அந்தப் பழக்கம் போகவில்லை.

பின்வரிசையில் ஒரு ஆள் மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. பாடப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பையன்கள் இப்படித்தான் பிடிப்பார்கள், எனக்குத் தெரியாதா? இப்போதும் அங்கேதான் இருக்கிறார். இப்போதும் அதே பக்கம்தான்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அப்பா பெயர் கேட்டது. நடுவில் இரண்டு எழுத்தை முழுங்கி, கடைசி எழுத்தை இழுத்து, ஆனால் அப்பா பெயர்தான். உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கேகூட அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருக்கிறாரே, பாவம், விமானத்தை விட்டுவிடப்போகிறாரே என்று எழுந்து நின்று அவரைத் தேடினேன். மறுபடி கூப்பிட்டார்கள். "இவ்வளவு கூப்பிட்டும் காதுல விழாம இருக்குமா ஒரு மனுஷனுக்கு?" என்று பக்கத்து நாற்காலி அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். அவருக்கு நம் பாஷை தெரியாது. இருந்தும் வருத்தமாகத் தலையாட்டினார். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

கவுண்ட்டர் பெண் தமிழ் பேசுகிறவள். அதனால் திட்டு முழுசாகப் புரிந்தது.

"சார், எத்தன தடவ கூப்பிட்டோம்!"

"என்ன யாரும் கூப்பிடலையேம்மா."

"இது உங்க பேர்தானே?" என்று பாஸ்போர்ட்டில் விரலை வைத்தாள்.

"அது எங்க அப்பா பேரு. என் பேரு அதுக்குப் பக்கத்துல இருக்கு பாரு."

"எங்களுக்கு இதுதான் சார் நீங்க."

"அவர் போய் ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

"ஐயோ, சாரி சார்" என்றாள். முகமே வாடிவிட்டது. வாடிய முகத்தோடே அடுத்த விமானம் நாளை மதியம் என்றாள்.

அக்கா, ஆயுசு முழுக்க வருகைப் பதிவு எடுத்தவன் நான். பெயரைக் கூப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தவனுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டேன், ஆள் கண்ணெதிரே இருந்தாலும். அந்தப் பையன்கள் இன்றைக்கு என்னைப் பார்த்திருக்கவேண்டும்.

நீ சின்னவனையும் வரச்சொல்லியிருப்பாய். அவன் வரமாட்டான், காத்திருக்காதே. அவன் பையன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை இனிஷியல் இல்லாமல் மொட்டையாகப் போட்டவன் அவன். "ஒரு எழுத்துதானேடா" என்றாய். ஒரு எழுத்துதான். அந்த எழுத்துதான் அப்பா. அதற்காக ஆறு வருடம் அவனோடு பேசாமல் இருந்தேன். இன்று அதே எழுத்தை முழுப் பெயராக விரித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்கள். நான் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. சிரிப்பான்.

வேடிக்கையாக எழுதிக்கொண்டே போகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை எல்லாம் முடிந்ததும் உன் கன்னத்தைத் தட்டிப் பெயர் சொல்லி எழுப்புவார்கள். ஒருவேளை உன் அட்டையைப் பார்த்து அங்கேயும் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று என்னைப்போல் இருந்துவிடாதே அக்கா. முதல் தடவையிலேயே கண்ணைத் திற. நம் வீட்டில் ஒரு ஆப்சென்ட் போதும்.

உன்னைப் பார்த்துக்கொள்ளும் உன் மகளுக்கு என் ஆசிகள். அவளும் நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
கூப்பிட்டும் வராத
உன் பெரிய தம்பி

பி.கு.: சின்னவன் வரமாட்டான் என்று மேலே எழுதியதை அடித்துப் படிக்கச் சொல். இதைக் கொடுக்கப் போனபோது அந்தப் பெண், "சார், உங்க பேர்லயே இன்னொருத்தரும் பிளைட்ட விட்டுட்டாரு. நீங்க எழுதிட்டிருந்தப்ப வந்து, முன்னாடி உக்காந்திருக்கறவருக்குத் தெரியாம நாளைக்கு டிக்கெட் போட்டுக் குடுங்கன்னு கேட்டாரு. தெரிஞ்சவரா?" என்று செய்தித்தாளைக் காட்டினாள். நேரே போய்த் தாளைக் கீழே இறக்கினேன். சின்னவன்.

"ஏன்டா ஏறல?"

"நீங்க உக்காந்திருந்தீங்களே. வாத்தியாரே உக்காந்திருக்காரு, இன்னும் நேரம் இருக்குன்னு நானும் உக்காந்துட்டேன்."

"அப்பா பேரக் கூப்பிட்டாங்களேடா!"

"உங்களத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். நீங்க போனதும் பின்னாலயே ஏறிக்கலாம்னு பாத்தா, நீங்க எங்க போனீங்க? எழுந்து நின்னு வேடிக்க பாத்துட்டிருந்தீங்க. அக்கா என்கிட்டயும்தான் கேட்டாங்க, நம்ம வீட்டு முகம் ஒண்ணு வேணும்னு."

கூப்பிட்டது அவனையா என்னையா என்று அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டோம். "ரெண்டு பேரையும்தான் சார். ஒரே பேரா இருக்கே, சேத்துக் கூப்பிட்டாப் போதும்னு நெனச்சோம்" என்றாள்.

இனிஷியலை விட்டது அச்சகத்துக்காரன் என்கிறான். புரூஃப் பார்த்தது யார் என்று கேட்டேன். அவன்தானாம். அந்தச் சண்டை முடியவில்லை, நாளை விமானத்தில் தொடரும். பக்கத்துப் பக்கத்து இருக்கை கொடுத்திருக்கிறாள். அவன் போனிலும் சார்ஜ் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தோடு எங்களையும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறாள். உள்ளே போகுமுன் பார்த்துவிட்டுப் போ. நீ கேட்டது ஒரு முகம். இதில் இரண்டு இருக்கிறது. இரண்டும் முறைத்துக்கொண்டிருக்கும். நம் வீட்டு முகம் அப்படித்தானே.