ஸ்வெட்டர் போட்ட இணைச்சீர்காரி

பொய் சொல்ல வராதவர்கள் பொய் சொல்லக் கூடாது. இது தெரியாமல் இருபத்து மூன்று வயது வரைக்கும் நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அயர்லாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். உணவு அறிவியல். ஆய்வு, தேங்காய்ப்பாலைக் கெடாமல் வைப்பது எப்படி என்பது. (பெருமாட்டி என்கிற எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்தவள் தேங்காயைப் பற்றிப் படிக்க விமானம் ஏறியதை அண்ணன் செந்தில் இன்னும் மன்னிக்கவில்லை.)

அந்தப் பங்குனியில் செந்திலுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை அவனுடைய கூடப்பிறந்தவள் கையில். அவள் தலையில் ஒரு கூடை மூடியை வைத்து, அருமைக்காரர் என்கிற பெரியவர் சீரை நடத்தி முடிப்பார். தங்கை இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பாள். நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது பெரியப்பா மகள் நிற்பதா? மாட்டேன் என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், கல்லூரி நடக்கும் நாட்களில் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மீறினால் படிப்பும் போகலாம், விசாவும் போகலாம். அனுமதி கேட்டிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஊரில் படித்த காலத்தில் கல்யாணம் என்று லீவு கேட்டால் பத்திரிகையைக் கொண்டு வா, அப்பாவைக் கூட்டி வா என்பார்கள். காய்ச்சல் என்று எழுதினால் ஒரு கேள்வியும் கிடையாது. அந்த ஞானத்தை அப்படியே டப்ளினுக்குக் கொண்டு போயிருந்தேன். இதற்கிடையில் ஆய்வு வாய்மொழித் தேர்வும் அதே வாரத்தில் வந்தது. அதை விட்டால் அடுத்தது செப்டம்பரில்தான், அதற்குள் விசா முடிந்துவிடும். விரும்புகிறவர்கள் தங்கள் அறையிலிருந்தே கணினி வழியாகப் பேசலாம் என்றார்கள். "காய்ச்சல், அறையிலிருந்தே பேசுகிறேன்" என்று கடிதம் எழுதிவிட்டு, பெருமாட்டிக்கு வந்து இறங்கினேன்.

தேங்காய் போட்டு வைக்கும் அறையில் ஒரு மூலையைக் காலி செய்து, பின்னால் சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிட்டு, டப்ளின் அறையை உண்டாக்கினேன். தேர்வு அங்கே காலை பதினொரு மணிக்கு. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இங்கே நாலரை. இணைச்சீருக்கு நேரம் குறித்தது மூன்றரையிலிருந்து நாலு. அழகாகப் பொருந்தியிருந்தது.

மூன்றேகாலுக்கு, பட்டுச்சேலையும் மூன்று முழ மல்லிகையுமாக நிற்கும்போது கைப்பேசி கூவியது. "இன்னும் பதினைந்து நிமிடத்தில் சந்திப்போம்." முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்களாம். வருஷா வருஷம் செய்வார்களாம். அப்படியானால் தேர்வு இங்கே மூன்றரைக்கே.

ஓடிப் போய் சேலைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டரை மாட்டினேன். பூவைப் பிரிக்க நேரமில்லை, அதன் மேலேயே கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டேன். அம்மா வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏண்டி அம்மிணி, இந்த வேகாட்டுல சொட்டரா? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"அம்மா, அரை மணி நேரம். கதவச் சாத்து!"

பங்குனி வெயில், தகரக் கூரை, சத்தம் கேட்கும் என்று நிறுத்திவைத்த மின்விசிறி. திரையில் என் பேராசிரியையும், சிரிப்பதையே விட்டுவிட்ட மாதிரி ஒரு தேர்வாளரும் தோன்றினார்கள். முதல் கேள்விக்கே வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது.

"உனக்கு ரொம்ப வேர்க்கிறதே?" என்றார் பேராசிரியை.

"காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது" என்றேன். (அந்த நொடியில் என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு.)

கூரை மேல் ஒரு தேங்காய் விழுந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மாடியில் இருக்கிற பையன். உடற்பயிற்சி செய்வான்."

தேர்வாளர் குறித்துக்கொண்டார். எதைக் குறித்தாரோ. மணி நாலாக எட்டு நிமிடம். கதவுக்கு வெளியே அருமைக்காரர் குரல் கேட்டது.

"நேரந் தாண்டுதுங்க. நாலுக்குள்ள சேல கைக்குப் போயாகோணும். பெரியப்பா மகள நிறுத்தீரலாமுங்களா?"

என் உயிரே போய்விட்டது. விசாவைப் பணயம் வைத்து வந்தது இதற்கா? நான் எழுந்திருக்க முடியாது, பதில் சொல்லவும் முடியாது. செந்தில்தான் சொன்னான்.

"வேண்டாமுங்க மாமா. அவ வர முடியாட்டி நாம போலாமுங்க."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. பட்டுவேட்டியும் மாலையுமாக என் அண்ணன் நாலு காலில் தவழ்ந்து வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் முனையை என் இடது கையில் திணித்தான். பின்னாலேயே அருமைக்காரர் மாமா சுவரோரமாக வந்தார்.

"மாமா, கேமராவுல உழுந்துறாதீங்க" என்று கிசுகிசுத்தான் செந்தில்.

"உழுந்தா என்ன? நானென்ன களவாங்கவா வந்திருக்கறன்?"

அதே நேரம் தேர்வாளர் கேட்டார், "பறித்த தேங்காயை எத்தனை நாளைக்குள் உடைத்துப் பாலெடுத்தால் நல்லது?" எனக்குத் தெரிந்த கேள்வி. ஒரு கையில் சேலையைப் பிடித்தபடி, சேமிப்பு, வெப்பநிலை, கொழுப்பு என்று சரமாரியாகச் சொன்னேன். தேர்வாளர் முதல்முறையாகத் தலையாட்டினார். இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் படிப்பும் மிஞ்சும், சீரும் மிஞ்சும் என்று தோன்றியது.

"குல்லாயோட சீரு ஆகாதுங்க" என்றார் மாமா.

நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். (தேர்வாளர் தன்னை மறுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.) திரையின் ஓரத்திலிருந்து ஒரு வயதான கை நீண்டு, என் குல்லாயைப் பிடுங்கியது. மூன்று முழ மல்லிகை தோளில் சரிந்தது. அதே கை நிதானமாகத் திரும்பி வந்து, கூடை மூடியை என் தலையில் வைத்தது.

திரையில் இரண்டு பேரும் முன்னால் குனிந்து பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் அயர்லாந்தில் இல்லை" என்றேன். "காய்ச்சலும் இல்லை. நாளைக்கு என் அண்ணனுக்குக் கல்யாணம். இதற்கு நான்தான் நிற்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்."

"அண்ணன் எங்கே?" என்றார் பேராசிரியை.

மேசைக்கு அடியிலிருந்து மாலையோடு ஒரு தலை எழுந்து, "குட் ஈவினிங் மேடம்" என்றது. அங்கே அப்போது காலை பதினொன்றரை மணி.

பேராசிரியை தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் பேனாவை மூடினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"முதலில் அதை முடியுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார் தேர்வாளர்.

கதவை அகலத் திறந்து, சொந்தபந்தம் எல்லாம் உள்ளே வந்து, நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சீர் முடிந்தது. பிறகு ஸ்வெட்டரைக் கழற்றாமலே மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். (கழற்றலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை.) கடைசியில் பேராசிரியை ஒன்று சொன்னார். "கூடப்பிறந்தவர் கல்யாணத்துக்கு விடுப்புப் படிவமே இருக்கிறது. கேட்டிருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேனே." திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

விஷயம் மேலிடத்துக்குப் போனது. பத்து நாள் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினேன், நான் இலை முன்னால் உட்காரவே இல்லை. கடைசியில் பதில்கள் செல்லும் என்றும், பொய்க்காக எச்சரிக்கைக் கடிதம் என்றும் முடிவு வந்தது. அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் அதைவிடப் பத்திரமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்று மாட்டியிருக்கிறது. ஃபோட்டோக்காரர் கடமை தவறாதவர். பட்டுச்சேலை, கம்பளி ஸ்வெட்டர், தலையில் கூடை மூடி, முகமெல்லாம் வேர்வை, மேசைக்குக் கீழே பல்லைக் காட்டும் மாப்பிள்ளை. அண்ணி வீட்டுப் பக்கமிருந்து புதிதாக யார் வந்தாலும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

வாழ்க்கையில் பொய்யே பேசாத என் அம்மா, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வாள்.

"காய்ச்சலுங்க. அப்பத்தான் எறங்கீட்டிருந்துச்சு."