மறதி மிஸ் மீது ஒரு புகார்

கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் மறதி மிஸ்ஸைப் போல் ஒரு மறதிக்காரர் கிடைக்கமாட்டார். நான் செய்தியாளன். சரிபார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. இதையும் ஜன்னலோரம் நின்று சரிபார்த்திருக்கிறேன்.

வடவள்ளிப் பக்கம், ஒரு தேவாலய வளாகத்துக்குள் இருந்த மழலையர் பள்ளியில் அவர் எல்.கே.ஜி. மிஸ். சொந்த ஊர் தாராபுரம், வயது முப்பத்தைந்து இருக்கலாம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. பிள்ளைகளின் பெற்றோர்கள் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

வகுப்பில் இருபது குழந்தைகள். காதுக் கருவி போட்ட ஒரு பையனும் வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு சிறுமியும் என் மகள் மகிழும் அதில் சேர்த்தி. மகிழுக்கு டவுன் சிண்ட்ரோம். நாலரை வயதாகியும் அவள் எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. சொல்லாலும் இல்லை, சைகையாலும் இல்லை. ஒருநாளாவது கேட்பாளா என்பதை நானும் என் மனைவி சுமதியும் எங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் முதல் வாரம் வராண்டாவில் இருக்கலாம். முதல் நாள் மிஸ் எல்லோருக்கும் படம் வரையக் காகிதம் கொடுத்தார். கிரேயான் கொடுக்கவில்லை. கொடுக்காததே தெரியாதவர்போல நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். தண்ணீர் நேரத்தில் இருபது டம்ளர்களை வரிசையாக வைத்தார். இருபதும் காலி. பாட்டைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்னமோ வருமேங்க" என்று கூரையைப் பார்த்தார். ஒரு பையனின் ஷூவைக் கழற்றி அவன் கையில் மாட்டிவிட்டு, "சரியா இருக்குங்களா கண்ணு?" என்றார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வராண்டாவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"தைராய்டா இருக்குமுங்க" என்றார் ஒரு அம்மா.

"தூக்கமில்லாட்டியும் இப்படித்தானுங்க ஆகும்" என்றார் இன்னொருவர்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் குறையைச் சொல்வதென்றாலும் அதற்கொரு 'ங்க' போட்டாக வேண்டும். அப்படியும் மனசு வராவிட்டால் சொல்லாமலே விட்டுவிடுவோம். நேரில் யாரும் வாய் திறக்கவில்லை. ஞாபகசக்திக்கு நல்லதென்று ஒரு அம்மா மட்டும் வல்லாரைத் துவையல் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் மிஸ் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ருசிங்க அம்மணி. உப்புத்தான் மறந்துபோட்டீங்க" என்றார்.

மூன்றாவது மாதம் சுமதி ஒருநாள் முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டாள். மகிழ் முன்னால் மூடிய லஞ்ச் பாக்ஸ். எதிரே மிஸ், கையைக் கட்டிக்கொண்டு. மற்ற பிள்ளைகள் பாதி சாப்பிட்டிருந்தார்கள். சுமதி உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எம்புள்ள பசியோட டப்பாவைப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. அந்தம்மா வேடிக்கை பாக்கறாங்க. இனி அனுப்பறதில்லீங்க" என்றாள் என்னிடம். ஊரில் மகிழைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த ஒரே பள்ளி அதுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் புகார் எழுதினேன். நாள், நேரம் போட்டு, பதினேழு மறதிகள். பள்ளித் தலைமை சிஸ்டர் படித்துவிட்டு, எங்கள் இருவர் முன்னாலும் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவர் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

"பதினாறு நான் வேணும்னே செஞ்சதுங்க" என்றார். "பத்தாவது, குடை. அது மட்டும் நெசமாவே மறந்துபோட்டேன்."

சிஸ்டர் வந்த சிரிப்பைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஊட்ல மகிழ் எதையாச்சும் கேட்டிருக்காளா?" என்றார் மிஸ்.

"நாங்க கேக்க உடறதே இல்லீங்க" என்றாள் சுமதி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இலையில் குழம்பு தீருமுன் ஊற்ற வேண்டும், விருந்தாளி கேட்டு வாங்கினால் வீட்டுக்கே அவமானம் என்று வளர்ந்தவள். நானும் அப்படித்தான்.

"அதுதானுங்க. கேக்கறதுக்கு அவளுக்கு என்ன மிச்சம் இருக்குது? மத்த புள்ளைங்க கிரேயான் இல்லைன்னு கத்துதுங்க. அதைப் பாத்து இதுகளும் கத்துக்கும். கண்ணால பாத்தாலே நான் கேட்டதா எடுத்துக்குவேன். அஞ்சு நிமிசத்துக்கு மேல யாரையும் தவிக்க உடமாட்டேன். அன்னிக்கு டப்பாவைப் பாத்தா. அப்புறம் மொதத் தடவையா என்னைப் பாத்தா. எந்திரிச்சேனுங்க, தொறந்து குடுக்க. அதுக்குள்ள நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றேன்.

"யாரும் கேக்கலீங்களே."

மிஸ் பதினைந்து நாள் அவகாசம் தரச் சொன்னார். வீட்டிலும் தினம் ஒன்றை மறக்கச் சொன்னார். சுமதிக்கு அது வரவில்லை. தோசையை வைத்துவிட்டுச் சட்னியை மறப்பாள். மூன்று எண்ணுவதற்குள் கை தானாகக் கரண்டிக்குப் போய்விடும். பொறுப்பு எனக்கு மாறியது. நான் காலித் தட்டை வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். மகிழ் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோசையை எடுத்துச் சாப்பிட்டாள். "கேக்கவே இல்லீங்க மிஸ், எடுத்துக்கிட்டா" என்று முறையிட்டேன். "எம்.எல்.ஏ. ஆவாளுங்க" என்றார்.

பதினான்காம் நாள் கூட்டிப்போகச் சென்றபோது தண்ணீர் நேரம். சுமதியும் நானும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இருபது காலி டம்ளர்கள். கூச்சல். மிஸ் ஜக்கோடு ஒவ்வொருவராக ஊற்றி வந்தார். மகிழின் முறை வரும்போது திரும்பிக் கரும்பலகையைப் பார்க்கத் தொடங்கினார்.

மகிழ் எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்துபோய், மிஸ்ஸின் சேலையைப் பிடித்து இழுத்தாள். டம்ளரை நீட்டினாள்.

"ண்ணீ."

சுமதி என் கையை அழுத்திப் பிடித்தாள். உள்ளே ஓடவில்லை.

மிஸ் அப்படியே நின்றார். ஜக்கு அந்தரத்தில் இருந்தது. மகிழ் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இன்னும் பலமாக, கொஞ்சம் கோபமாகவே, "ண்ணீ" என்றாள்.

"ஊத்தறேன் கண்ணு, ஊத்தறேன்" என்று மிஸ் ஊற்றினார். டம்ளர் நிரம்பி, மகிழின் கையில் வழிந்து, தரையில் ஓடி, காதுக் கருவிப் பையனின் காலை நனைத்தது. மிஸ் அவள் முகத்தையே பார்த்தபடி ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவரிடம் போதும் என்று சொல்லவில்லை.