ஓலை அண்ணை எழும்பி நின்ற ஞாயிறு

ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிய கத்தோலிக்கத் தமிழர்கள் சம்பந்திக்குப் பயந்தார்களோ இல்லையோ, ஓலை அண்ணைக்குப் பயந்தார்கள்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் ஞாயிறு பூசைகளில், "இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று சுவாமியார் அறிவிப்பார். அதற்குப் பெயர் ஓலை. மற்றவர்கள் அந்த நேரத்தில் கார்ச் சாவியைத் தேடுவார்கள். அண்ணை மட்டும் லொத்தர் முடிவு கேட்பதுபோல் இருந்த வாங்கின் நுனிக்கு வந்துவிடுவார்.

பிழைப்புக்குக் காப்புறுதி விற்றார். ஆனால் இளமையில், ஐரோப்பாவின் மத்தியகாலக் கடைசியில் நடந்த இருதார வழக்குகளை ஆராயத் தொடங்கி, பாதியில் விட்டவர். அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கடையில் கொத்துரொட்டிக்குக் காத்து நின்ற என்னையும் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தக் காலத்திலை சுவாமியும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. 'உன்னை இப்பவே மனைவியா ஏற்றுக்கொள்ளுறன்' எண்டு ஆப்பிள் மரத்துக்குக் கீழை நிண்டு சொன்னாலே காணும். கலியாணம் முடிஞ்சுது! பிறகு அவன் வேறொருத்தியைக் கோயிலிலை கட்டுவான். முதல்காரி மேற்றிராணியாரின்ரை, அதுதான் பிஷப்பின்ரை, நீதிமன்றத்திலை வந்து நிப்பாள்!"

"பிறகு?"

"பிறகென்ன, கோயில் கலியாணம் செல்லாது. ஆப்பிள் மரந்தான் வெண்டது!"

ஒருமுறை ஓலை வாசிக்கும்போது அண்ணை எழும்பினார். மணமகளின் தாய் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்துவிட்டார். அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள்ளையின்ரை பேரைப் பிழையா வாசிக்கிறியள், சுவாமி."

பிறகு ஒரு நண்பனின் கலியாண ஒத்திகை வந்தது. மணமக்கள் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். பொறுமையிழந்த சுவாமியார், பாடற்குழுவில் பாடும் ரீற்றாவையும் என்னையும் பீடத்துக்கு முன் நிறுத்தி, அந்த வாக்குறுதிகளைச் சொல்லவைத்தார். சொன்னோம். பின்வரிசை வாங்கில் அண்ணை இருந்தார்.

அடுத்த வருடம் ரீற்றாவுக்கு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புதுவீடு வாங்கிய ஒரு மாப்பிள்ளை பேசி முற்றானது. எனக்கு இருந்தது வாடகைக்கு ஒரு பேஸ்மென்ற். ரீற்றாவிடம் நான் வாய் திறக்கவில்லை.

ஓலை வாசித்தார்கள். அண்ணை எழும்பினார்.

"தடை இருக்குது, சுவாமி. உந்தப் பிள்ளை ஏற்கனவே கலியாணம் கட்டினவ."

பூசை முடிந்ததும் சுவாமியார் எல்லோரையும் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குள் கூப்பிட்டார். அண்ணை விளக்கம் சொன்னார்.

"அது ஒத்திகை, ஐயா!" என்று சுவாமியார் தலையில் கைவைத்தார்.

"விளையாட்டாச் சொன்னால் செல்லாது. அது எனக்கும் தெரியும், சுவாமி. அதைத்தானே கேக்கவேணும்." அண்ணை ரீற்றாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் அண்டைக்கு விளையாட்டாவோ சொன்னனீர்?"

"ஓம் எண்டு சொல்லு," என்றார் தகப்பன்.

ரீற்றா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, அங்கிள். மனசாரத்தான் சொன்னனான்." பிறகு என்னைப் பார்த்தாள். "இவர் எப்பிடிச் சொன்னவரோ, எனக்குத் தெரியாது."

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. "நானும்" என்றேன்.

"இது கலியாணமில்லை," என்றார் சுவாமியார். "ஆனால் அந்த மாப்பிள்ளையின்ரை ஓலையை இனி நான் வாசிக்கமாட்டன்."

தகப்பனின் கோபம் ஆற நாளெடுத்தது. ஆனாலும் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. முன்வாங்கில் அண்ணைக்கு இடம் வைத்திருந்தோம். அவர் வரவில்லை. போனையும் நிறுத்திவைத்திருந்தார். இவ்வளவும் செய்த மனிதர் இன்றைக்கு வரவில்லையே என்று எனக்குச் சரியான மனவருத்தம்.

கனகாலம் கழித்து, ஒரு தமிழ்க் கடையில் ஸ்ரௌவ்வில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"உங்கடை கலியாணத்தண்டு விடியவே அண்ணை பஸ் மாறி மாறி என்ரை வீட்டை வந்திட்டார். 'தனிய இருக்கவேண்டாம்' எண்டார். பொழுதுபடுமட்டும் காட்ஸ் விளையாடினனாங்கள். கலியாணம் எண்ட சொல்லே அவரின்ரை வாயிலை வரேல்லை."

ஒரு பகல் முழுவதும் அந்தச் சொல்லை அடக்கி வைத்திருக்க மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று ரீற்றாவும் நானும் இப்போதும் பேசிக்கொள்வோம்.