கட்டைவிரல் தலைவர்கள்

மன்றத்தில் நாற்காலி பற்றாமல் போனது அன்றுதான். சாக்கடை தூர்வாரக் கூப்பிட்டால் நாலு பேர் வருகிற இளைஞர் தொண்டு மன்றம் அது. 'உங்கள் பிள்ளை தலைவனா, தொண்டனா? கட்டைவிரல் சொல்லும்!' என்று சுவரொட்டி ஒட்டியதும் பெற்றோர் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள்.

ஏற்பாடு செயலாளருடையது. வயது இருபத்து மூன்று. போன வாரம் ஊருக்கு வந்த 'ரேகைப் பேராசிரியர்' ஒருவர் அவர் நெற்றியைப் பார்த்து, "தம்பி, நீங்க ஆளப் பிறந்தவரு" என்று சொன்னதிலிருந்து மண்வெட்டியைத் தொடவில்லை. ஆளப் பிறந்தவர் சேறு அள்ளலாமா? அன்றுதான் மன்றத் தலைவர் தேர்வும். ரேகை யாரைக் காட்டுகிறதோ அவருக்கே பதவி என்று தீர்மானம் போட வைத்ததும் அவர்தான். 'தலைவர்' என்று அச்சடித்த முகவரி அட்டைகள் அப்போதே சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தன.

போட்டிக்கு ஒருத்திதான். துணைச் செயலாளர். எங்கே அடைத்தாலும் வாளியோடு முதலில் நிற்பதால் பெயரே 'வாளி'. பெயர் கொடுத்த முப்பது பேரிடமும் கட்டைவிரல் ரேகை வாங்கும் வேலையைச் செயலாளர் அவள் தலையில்தான் கட்டியிருந்தார். ரேகைக்குக் கீழே பெயர், அப்பா தொழில், சொந்த வீடா வாடகையா என்றெல்லாம் எழுத வேண்டும். விரலுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? செயலாளர் கேட்கவில்லை. தலைவர்கள் கேள்வி கேட்பதில்லையாம்.

பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு மேடையேறினார். துணிக்கடை முதலாளி மகன், தலைவர். ஒப்பந்தக்காரர் மகள், மாபெரும் தலைவர். இவர்களுக்குக் கட்டணத்தோடு 'சிகரப் பயிற்சி'. நடத்துநர் மகன், தொண்டன், வீட்டுக்குப் போகலாம்.

பெட்ரோல் பங்க் முதலாளி மகனான செயலாளரின் தாள் வந்தது.

"அடடா! இந்தக் குறுக்குக் கோட்டைப் பாருங்க. ராஜ ரேகை! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அமையும்!"

தன் விரலில் அப்படியொரு கோட்டைச் செயலாளர் பார்த்ததே இல்லை. ராஜ ரேகையாயிற்றே, நேற்று முளைத்திருக்கும் என்று நம்பினார்.

கடைசியாகத் தையல்காரர் மகள் வாளியின் தாள்.

"ஐயையோ, தடை ரேகை! இந்தப் பொண்ணு பொறுப்புக்கு வந்தா மன்றம் படுத்துடும்."

வாளி எழுந்தாள். "ஐயா, ஒரே விரலுக்கு ரெண்டு பலன் உண்டா?"

"அதெப்படிம்மா? ஒருத்தர் விரல் மாதிரி இன்னொருத்தர் விரல் இருக்காது. அறிவியல்!"

"அப்ப முப்பது தாள்லயும் இருக்கறது என் ஒரே கட்டைவிரல். அவங்க வெச்ச தாளெல்லாம் இதோ என் பைல இருக்கு."

செயலாளரின் அப்பாவே பாய்ந்து பூதக்கண்ணாடியைப் பிடுங்கினார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். வாளியின் விரலைப் பார்த்தார்.

"டேய், எல்லாத்துலயும் அதே வெட்டுடா!"

"தழும்புங்கய்யா," என்றாள் வாளி. "போன மழைல சாக்கடைக்குள்ள தகர டின் கிழிச்சது. செயலாளர் அண்ணன் கரையில நின்னு போட்டோ எடுத்தாரே, அன்னிக்கு."

"மை... மை சரியில்ல," என்று பேராசிரியர் வாசலைத் தேடினார். வாசலில் சிகரப் பயிற்சிக்கு முன்பணம் கட்டியவர்கள் நின்றார்கள்.

தேர்தல் கைதூக்கி நடந்தது. வாளிக்கு முதலில் உயர்ந்த கை செயலாளருடையது. வேறு வழி? அப்பா முறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த அட்டைங்கள தூக்கிப் போடாதீங்கண்ணே," என்றாள் புதிய தலைவர். "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? தூர்வார வர்றவங்க பேர எழுதலாம்."

முதல் அட்டையில் செயலாளர் தன் பெயரையே எழுதினார். தெருச் சாக்கடைக்கு வாளி இருக்கிறாள். மண்டைக்குள் அடைத்துக்கொண்டதை அவரவரேதான் அள்ள வேண்டும். அதற்கு விரல் போதாது, மூளை வேண்டும்.