மல்மெகேரும் யுவராணிக்குப் பூ வைத்ததும்

அன்பு மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு, திண்டுக்கல்லிலிருந்து மாமனார் பொன்னுச்சாமி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். லிஸ்பன் குளிரில் நீங்களும் ஹரிணியும் இருமல் இல்லாமல் இருக்கப் பழனியாண்டவர் துணை.

நீங்கள் தந்த மல்மெகேர் விதை மாடித் தொட்டியில் பூத்தது. அதன் பெயரை நீங்கள் பிரித்துச் சொன்னது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. மல் என்றால் மோசமாக, மெ என்றால் என்னை, கேர் என்றால் விரும்புகிறாள். சேர்த்தால் 'அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை'. ஒரு செடிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் போர்ச்சுகீசியர் ஒரு வாக்கியத்தையே வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் தொட்டாற்சுருங்கி இருக்கிறது; அது செடி செய்வதைச் சொல்கிறது. இது மனுஷன் படும் பாட்டைச் சொல்கிறது. முப்பது வருடம் தபாலாபீசில் எத்தனையோ பெயர்களைப் படித்த எனக்கு இப்படியொன்று கண்ணில் பட்டதில்லை.

இந்தப் பெருமைதான் வினையாயிற்று. போன வெள்ளிக்கிழமை உங்கள் கொழுந்தியாள் யுவராணிக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய வடமதுரையிலிருந்து பையன் வீட்டார் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மல்லிகைத் தட்டில் நான் சும்மா இராமல் நம் பூவில் ஒன்றையும் வைத்தேன். பையனின் அம்மா மணிமேகலை, "என்ன பூண்ணே இது, செவந்தி கணக்கா இருக்கு?" என்றார். செவந்தி என்று குறைத்துச் சொல்லாதீர்கள் என்று திருத்தி, பெயரை மூன்றாகப் பிரித்து விளக்கினேன். "பூ வைக்கிற அன்னிக்கு, பிடிக்கலைங்கிற பூவா?" என்று அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். சமாளிக்கிறேன் பேர்வழி என்று நான், அந்த ஊரில் 'பிடிக்கலை, பிடிச்சிருக்கு' என்று இதழ் இதழாகப் பிய்த்துப் பார்ப்பார்கள், கடைசி இதழ் சொல்வதே முடிவு என்று வேறு உளறிவைத்தேன். அவர் உடனே பிய்க்க ஆரம்பித்தார். இதழ் தீருகிற வழியாக இல்லை; காபி ஆறிப்போனது. கடைசியில் 'பிடிக்கலை'யில் வந்து நின்றது. பையன் யோகேஷ், "காம்பையும் எண்ணும்மா" என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூ வைத்தாயிற்று, தையில் கல்யாணம். எப்பேர்ப்பட்ட பிள்ளை.

ஆகவே அந்த மகத்தான விதையில் இன்னும் இரண்டு பொட்டலம் அனுப்பவும். நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

மாமனார்,
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: இதை வாசித்துக் காட்டியதும் உங்கள் அத்தை ராக்கம்மாள், "அந்தச் செடி மூணாம் வாரமே பட்டுப்போச்சு. நீங்க தெனம் காலையில தொட்டிகிட்ட போயி நிக்கிறதப் பாத்துட்டு, நர்சரியில வெள்ளைச் செவந்தி வாங்கி நட்டு வச்சேன்" என்கிறாள். விதை அனுப்ப வேண்டாம். நாற்பது வருடம் குடும்பம் நடத்தி, இவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.